கரடிக்கு முன்னால் ஒன்பது கிலோமீட்டர்

காலை எட்டே முக்காலிலிருந்து மாலை மூன்று இருபது வரை ஒரு கரடி என் பின்னாலேயே வந்தது என்று நான் நம்பினேன். சும்மா ஒரு சந்தேகம் என்று நினைத்துவிடாதீர்கள். ரேஷன் கார்டில் என் பெயர் இருப்பதை எப்படி நம்புவேனோ அப்படி நம்பினேன். அந்தக் கரடிக்கு வயது, எடை, குணம் எல்லாம் மனதுக்குள் முடிவு செய்து வைத்திருந்தேன். நடுத்தர வயது, என்னைவிட முப்பது கிலோ கூடுதல், நல்ல பொறுமைசாலி. நான் நடந்தால் அது நடந்தது. நான் நின்றால் அதுவும் நின்றது. என் ஐம்பத்தோரு வயதில் என்னை இத்தனை ஒழுங்காகப் பின்பற்றிய ஜீவன் வேறு எதுவும் கிடையாது.

கரடிக்கு முன்னால் என் மனைவியைப் பற்றிச் சொல்ல வேண்டும். இந்த மலை அவளுடைய மலை. நான் ஒட்டிக்கொண்டு போனவன்.

அவளுக்குப் பிறந்த ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர். வேலையும் அங்கேதான், ஒரு பள்ளியில் விலங்கியல் ஆசிரியை. தினமும் ராஜபாளையத்திலிருந்து பஸ்ஸில் போய் வருகிறாள். இருபது வருஷமாக வரையாட்டைப் பற்றிப் பாடம் நடத்துகிறாள். தமிழ்நாட்டின் மாநில விலங்கு, உயர்ந்த மலைப் புல்வெளியில் மட்டும் வாழும், செங்குத்துப் பாறையில் அநாயாசமாக ஏறும் என்றெல்லாம் சொல்லிக் கரும்பலகையில் படமும் வரைவாள். கொம்பு நன்றாகவே வரும். ஆனால் ஒரு வரையாட்டைக்கூட அவள் நேரில் பார்த்ததில்லை. பள்ளிக்கூடத்து மாடியில் நின்றால் அது இருக்கிற மலை முழுசாகத் தெரியும் என்பதுதான் அவளுக்குப் பெரிய எரிச்சல்.

வருஷா வருஷம் நடக்கும் வரையாடு கணக்கெடுப்புக்குத் தன்னார்வலர்களைச் சேர்க்கிறார்கள் என்று தெரிந்ததும் விண்ணப்பித்தாள். முதல் முறை பெயர் வரவில்லை. இரண்டாம் முறை வந்தது, கூடவே பரீட்சை மேற்பார்வை வேலையும் வந்தது. மூன்றாம் முறைதான் எல்லாம் கூடி வந்தது. அவளும் இன்னொரு டீச்சரும் ஒரு குழு. கிளம்ப மூன்று நாள் இருக்கும்போது அந்த டீச்சர் ஸ்கூட்டரை நிறுத்தும்போது கணுக்காலைப் பிசகிக்கொண்டார்.

விதி கறாரானது. ஸ்ரீவில்லிபுத்தூரில் நடந்த பயிற்சி வகுப்பில் அதிகாரி அதை மூன்று தடவை சொன்னார். ஒரு குழுவுக்கு இரண்டு தன்னார்வலர், ஒரு காவலர். மூன்று பேரும் சேர்ந்தே ஏற வேண்டும், சேர்ந்தே இறங்க வேண்டும். வழியில் ஒருவருக்கு முடியவில்லை என்றால் மூன்று பேரும் திரும்பிவிட வேண்டும். யாரையும் காட்டில் தனியாக விடக் கூடாது. அப்படித் திரும்பினால் அந்த உச்சியின் கணக்கு இந்த முறை கிடையாது.

இரண்டாவது ஆளுக்காக அவள் தெரு முழுக்கக் கேட்டுப் பார்த்தாள். ஒருத்தருக்குக் கல்யாண வீடு, ஒருத்தருக்கு மூட்டுவலி. கடைசியில் சாப்பாட்டு மேஜைக்கு எதிரே இருந்த என்னைப் பார்த்தாள். தீபாவளிக்கு முதல் நாள் துணிக்கடையில் மிஞ்சிக் கிடக்கும் ஜாக்கெட் பிட்டைப் பார்ப்பது போல இருந்தது அந்தப் பார்வை.

"ஒங்களால முடியுமா?"

"எம்புட்டு தூரம்?"

"ஒம்பது கிலோமீட்டர். எல்லாம் ஏத்தம்."

"இம்புட்டுதானா? நான் தெனமும் பழைய பஸ் ஸ்டாண்டு வரைக்கும் நடக்குறேன்ல."

"வடை திங்க நடக்குறதெல்லாம் கணக்குல வராது."

"ஏட்டி, அந்த மலைய நான் பொறந்ததுலேருந்து பாக்குறேன். மொட்டமாடியில நின்னு பல்லு வெளக்கும்போது என் மூஞ்சிக்கு நேரா நிக்குது. எனக்குத் தெரியாத மலையா?"

அவள் பேனாவை எடுத்தாள். விண்ணப்பத்தில் என் பெயரை எழுதிவிட்டு, "பாதியில திரும்பணும்னு மட்டும் சொல்லிராதீங்க. அது ஒண்ணுதான் கேக்குறேன்" என்றாள். சிரிக்காமல் சொன்னாள். அவள் சிரிக்காமல் சொல்கிற விஷயங்கள் வருஷத்துக்கு இரண்டுதான் இருக்கும்.

என் தொழிலையும் சொல்லிவிடுகிறேன். எனக்குப் பேண்டேஜ் துணி வியாபாரம். காயத்துக்குச் சுற்றுகிற வலைத்துணியை எங்கள் பக்கத்துத் தறிகளில் நெய்து, வெளுத்து, உருளையாகச் சுருட்டி ஊர் ஊராக அனுப்புகிறோம். இந்தத் தொழிலில் இருக்கிறவனுக்கு ஒரு வியாதி உண்டு. உலகத்தில் எந்தச் சிக்கல் வந்தாலும் அதற்குப் பேண்டேஜ் சுற்றலாம் என்று தோன்றும். எங்கள் வீட்டில் மோர் வடிகட்டுவது பேண்டேஜில். தக்காளிச் செடியைக் குச்சியோடு கட்டுவது பேண்டேஜில். கார் பம்பரைக்கூட ஒரு மாதம் பேண்டேஜ்தான் தாங்கிப் பிடித்தது. சிக்னலில் பக்கத்தில் நின்றவர்கள் வண்டிக்கு உடம்பு எப்படி இருக்கிறது என்று விசாரித்தார்கள்.

ஆகவே காட்டில் அட்டை இருக்கும் என்று கேள்விப்பட்டதும் நான் கலங்கவில்லை. இரண்டு கால்களிலும் கணுக்காலிலிருந்து முழங்கால் வரை, பேண்ட்டுக்கு மேலேயே, இறுக்கமாகப் பேண்டேஜ் சுற்றிக்கொண்டேன். உப்புத் தண்ணீரில் நனைத்துக் காயவைத்த பேண்டேஜ். என் சொந்தக் கண்டுபிடிப்பு.

மில் வாசல் டீக்கடையில் என் நண்பர் ஒருவர், பஸ் ஸ்டாண்டைத் தாண்டிக் காலால் நடந்தே இராதவர், எனக்குக் காடு பற்றி வகுப்பெடுத்தார்.

"புலிக்கெல்லாம் பயப்படாத. அது பெரிய மனுசன் மாதிரி, ஒதுங்கிப் போயிரும். கரடிதான் மோசம். அது பின்னால வந்தா திரும்பி மட்டும் பாத்துறாதல."

"ஏன்?"

"மூஞ்சியத்தான் மொதல்ல புடிக்கும். மூஞ்சியக் காட்டாம போயிட்டே இருந்தா, இவன் யாருன்னு தெரியாம விட்டுரும்."

யார் என்று தெரிந்தால் மட்டும் என்ன செய்யப் போகிறது, என்னிடம் மொத்தமாகத் துணி வாங்கப் போகிறதா என்று நான் கேட்டிருக்க வேண்டும். கேட்கவில்லை. இரண்டாவது வடையை எடுத்துக்கொண்டு தலையாட்டினேன்.

புறப்பட்ட அன்று மலையடிவாரத்து மாந்தோப்பு ஓரத்தில் ஜீப் எங்களை இறக்கிவிட்டபோது மணி ஆறரை. எங்களோடு வந்த வேட்டைத் தடுப்புக் காவலர் அடிவாரக் குடியிருப்புக்காரர். வயது முப்பத்தைந்து இருக்கும். ஒல்லி உடம்பு, காலில் ரப்பர் செருப்பு. நான் பத்தாயிரம் தடவை யோசித்து வாங்கிய மலையேற்றப் பூட்ஸைப் பார்த்தார். அதற்கு மேலே வெள்ளை வெளேரென்று முழங்கால் வரை சுற்றியிருந்ததைப் பார்த்தார்.

"அண்ணாச்சி, ரெண்டு காலும் ஒடஞ்சிருக்கா?"

"அட்டைக்கு" என்றேன்.

"அட்டைக்கா?" என்றார். பிறகு என் மனைவியைப் பார்த்து, "சரி டீச்சர், போவமா?" என்றார். நல்ல மனிதர். அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

முன்னால் காவலர், நடுவில் நான், பின்னால் மனைவி. நடுவில் நடப்பேன் என்று நான்தான் அடம்பிடித்தேன். காரணம் கேட்டபோது, இரண்டு பக்கமும் பேச்சுத்துணை வேண்டும் என்றேன்.

பள்ளத்தாக்கு அழகாகத்தான் இருந்தது. இரண்டு பக்கமும் மலை நெருங்கி வர, நடுவில் ஓடை பாறை பாறையாக இறங்கி வந்தது. இரண்டு நாள் கோடை மழை பெய்திருந்ததால் தண்ணீர் இருந்தது. தலைக்கு மேல் ஒரு மலையணில் கிளைக்குக் கிளை தாவியது. அதன் வால் மட்டுமே என் கை நீளம் இருந்தது. எனக்கும் மூச்சு வாங்கவில்லை. முதல் ஒரு கிலோமீட்டர் வரைக்கும் நான் ஒரு வீரன்.

ஓடையைக் கடக்கும் இடத்தில், ஈரச் சருகின் மேல் செத்த நேரம் உட்கார்ந்தோம். எட்டரை மணி. வலது காலில் பேண்டேஜின் மேல் ஒரு சிவப்புப் பொட்டு தெரிந்தது. பொட்டு ரூபாய் அளவானது. இடது காலில் மூன்று.

பேண்டேஜ் துணியில் ஓட்டை உண்டு என்ற விஷயம் எனக்குத் தெரியும். இன்ச்சுக்கு எத்தனை இழை என்று தூக்கத்தில் கேட்டாலும் சொல்வேன். அட்டைக்கு அந்த ஓட்டை வாசல் கதவு மாதிரி என்பதுதான் தோன்றாமல் போயிற்று. அவை வாசலில் நுழைந்து, பேண்ட்டின் மடிப்புக்குள் புகுந்து, இறுக்கிக் கட்டிய துணிக்குள் நான் கை வைக்க முடியாத பாதுகாப்பான இடத்தில் உட்கார்ந்து பந்தி சாப்பிட்டுக்கொண்டிருந்தன.

நான் எழுந்து ஆடியதை நடனம் என்று சொன்னால் நடனம் கோபித்துக்கொள்ளும். பேண்டேஜைப் பிடித்து இழுத்தேன், சுழன்றேன், ஓடைக்குள் ஒரு காலை விட்டேன். காவலர் நிதானமாக வந்து, ஒவ்வொரு அட்டையாக நகத்தால் தள்ளி எடுத்துப் போட்டார்.

"ஏழுதான் அண்ணாச்சி. இதுக்குப் போயி."

"ஏழா!"

"காலு நல்லா சூடா வச்சிருந்தீங்கல்ல. அதான் வீடுன்னு நெனச்சிருச்சு."

காட்டில் எதையும் போட்டுவிட்டு வரக் கூடாது என்பதால், அவிழ்த்த பேண்டேஜையெல்லாம் சுருட்டி என் முதுகுப்பையின் பக்கவாட்டு வலைப்பையில் திணித்தேன். திணித்தேன் என்பதுதான் சரி. ஏழு அட்டைக்கு ரத்தம் கொடுத்தவன் மடித்தா வைப்பான்?

அங்கிருந்து பாதை ஓடையை விட்டு மேலே ஏறியது. மூங்கில் காடு. கீழே எல்லாம் காய்ந்த இலை. அங்கேதான் முதல்முறை கேட்டது.

சர்ர்ர். சர்ர்ர். டக். சர்ர்ர்.

நின்றேன். சத்தம் நின்றது. நடந்தேன். சர்ர்ர். கனமான பாதம் சருகில் இழுபடுகிற சத்தம். நடுநடுவே கல்லில் நகம் படுகிற டக். காது பொய் சொல்லாது.

"பின்னால ஏதோ வருது" என்றேன், தலையைத் திருப்பாமல்.

"நான்தான் வாரேன்" என்றாள் மனைவி.

"நீ இல்ல. ஒனக்கும் பின்னால. இல்லன்னா பக்கத்துல பொதருக்குள்ள."

அவள் காலடிச் சத்தம் சட்டென்று நின்றது. பிறகு, "காடுல்ல. எதாவது வரும். நீங்க மேல நடங்க" என்றாள். குரல் கொஞ்சம் அடைத்த மாதிரி இருந்தது. பாவம், அவளுக்கும் பயம் என்று நினைத்தேன்.

இப்போது என் மனம் ஒரு கணக்குப் போட்டது. அதை எழுதக் கூச்சமாக இருக்கிறது, ஆனாலும் எழுதுகிறேன். கரடி பின்னால் வருகிறது. அதற்கும் எனக்கும் நடுவில் மனைவி இருக்கிறாள். ஆகவே கரடி முதலில்... அந்த இடத்தில் மனம் நிற்காமல், ஆகவே எனக்குக் கொஞ்சம் நேரம் கிடைக்கும் என்று முடித்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத் தாம்பத்தியம். எனக்கே கேவலமாக இருந்தது. குரலைத் திரட்டிக்கொண்டு, "வேணும்னா நான் பின்னால வாரேன், நீ நடுவுல வா" என்றேன். சொல்லும்போதே அவள் சரி என்று சொல்லிவிடக் கூடாதே என்று ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் இருக்கும் திசையை நோக்கி வேண்டிக்கொண்டேன்.

"வேண்டாம். நான் பின்னாலயே வாரேன்."

என்ன தைரியம்! என்ன பெண்! நான் நடையைக் கூட்டினேன்.

கொஞ்ச தூரத்தில் அது என் பையைப் பிடித்து இழுத்தது. நிஜமாகவே இழுத்தது. முதுகில் சுண்டி இழுத்தது போல ஒரு வெட்டு. நான் கத்தவில்லை என்று சொல்லத்தான் ஆசை. அடுத்த இருநூறு அடியை நான் ஏறிய வேகத்தில், காவலர் பாதையை விட்டு ஒதுங்கி நின்று எனக்கு வழி விட்டார்.

"அண்ணாச்சிக்கு இப்பத்தான் சூடு ஏறியிருக்கு" என்று மனைவியிடம் சொன்னது காதில் விழுந்தது. மறுபடி முன்னால் போனவர் அடிக்கடி திரும்பி எங்களைப் பார்த்துவிட்டு இருமினார். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை போலிருக்கிறது, இத்தனை பழகியவருக்கே இருமல் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினோரு மணிக்கு ஒரு பாறையில் ஓய்வு. பையை நான் கழற்றும் முன்பே மனைவி பின்னால் வந்து, "இருங்க, நான் எடுக்குறேன்" என்று பட்டையைத் தளர்த்தி, பையை வாங்கி, பாறைக்கு அந்தப் பக்கம் பக்குவமாக இறக்கி வைத்தாள். கிளம்பும்போது அவளே மாட்டியும் விட்டாள். கல்யாணமான புதிதில்கூட என் பையை அவள் தூக்கியதில்லை. ஆபத்தில்தான் பாசம் வெளிப்படும் என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த ஓய்வில்தான் எனக்குப் பால்கோவா ஞாபகம் வந்தது.

என் பையில் அரைக் கிலோ பால்கோவா இருந்தது. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரி எந்த ஊருக்குக் கிளம்பினாலும், ஆள் இல்லாத மலை உச்சிக்கே கிளம்பினாலும், பால்கோவா இல்லாமல் கிளம்ப மாட்டாள். கரடிக்கு இனிப்பு பிடிக்கும், தேன்கூட்டுக்கு மரம் ஏறும் என்று சின்னக் குழந்தைக்கும் தெரியும். விஷயம் விளங்கிவிட்டது. அது என்னைத் துரத்தவில்லை, பால்கோவாவைத் துரத்துகிறது!

எறியலாம் என்றால் காட்டில் எதையும் எறியக் கூடாது. காவலரிடம் கொடுத்தால் கரடி அவர் பின்னால் போகும். அவர் இல்லாமல் எங்களுக்கு வழி தெரியாது. மனைவியிடம் கொடுப்பதைப் பற்றி யோசிக்கவே இல்லை என்று இங்கே பதிவு செய்துகொள்கிறேன். ஒரே வழிதான் மிச்சம்.

"அந்தப் பால்கோவாவ எடு."

"இப்பவா?"

"ஆமா."

முதல் கால் கிலோ நன்றாகவே இருந்தது. அதற்குப் பிறகு கடமை. விரலால் வழித்து, டப்பாவைப் பாட்டில் தண்ணீரால் கழுவி, மோந்து பார்த்து மூடினேன்.

"அம்புட்டையும் தின்னுட்டீங்களா?" என்றாள் மனைவி.

"பசி."

"காவலருக்குன்னு கொண்டாந்தேன்."

"விடுங்க டீச்சர்" என்றார் அவர். "அண்ணாச்சிக்கு என்ன கஷ்டமோ."

அரைக் கிலோ பால்கோவாவைச் சாப்பிட்டுவிட்டு மலை ஏறிப் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் என்னோடு கை குலுக்குங்கள். ஒவ்வொரு அடிக்கும் உள்ளே ஒரு பசுமாடு புரண்டு படுத்தது. தண்ணீர், மேலும் தண்ணீர். பின்னால் சர்ர்ர், டக், சர்ர்ர். பால்கோவா தீர்ந்தும் அது போகவில்லை. இப்போது வாசனை என்னிடமே இருக்கிறது என்பது அப்போதுதான் உறைத்தது. டப்பாவில் இருந்தவரைக்கும் டப்பாவைத் தின்றிருக்கும்.

மதியம் புளியோதரையை நான் தொடவில்லை. மரங்கள் குட்டையாகி, சோலைக்காடு முடிந்து, முகத்தில் காற்று அடித்தது. இரண்டரை மணிக்கு அந்த இடம் வந்தது.

பாறை விளிம்பு ஒன்றின் மேல் பாதை போயிற்று. அகலம் ஒரு கட்டில் இருக்கும். ஒரு பக்கம் பாறைச் சுவர். இன்னொரு பக்கம் பள்ளத்தாக்கு முழுவதும். காலையில் நாங்கள் கடந்த ஓடை கீழே நூல் போலக் கிடந்தது. நீளம் நாற்பது அடிதான். காவலர் ரப்பர் செருப்போடு நடந்து அந்தப் பக்கம் போய் நின்றார்.

"வாங்க அண்ணாச்சி. இதுக்கு மேல புல்லுதான். ஒரு மணி நேரத்துல உச்சி."

என் கால்கள் வரவில்லை. பாறையைக் கட்டிக்கொண்டேன். ஒரு வேடிக்கையும் அப்போது தோன்றவில்லை.

"என்னால முடியாது" என்றேன். "திரும்பிருவோம்."

காவலர் கையைக் கட்டிக்கொண்டு வானத்தைப் பார்த்தார். நான் ஓரக்கண்ணால் மனைவியைப் பார்த்தேன். கழுத்தில் தொங்கவிட்டிருந்த கணக்குத்தாள் அட்டையை அவள் கழற்றினாள். தாளை நான்காக மடித்தாள். பென்சிலை அதற்குள் வைத்து, தன் பைக்குள் போட்டு ஜிப்பை இழுத்தாள். கோபப்பட்டிருந்தால் நான் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் கோபப்படவில்லை. மூன்று வருஷம் காத்திருந்தவள், இன்னும் ஒரு மணி நேரத் தூரத்தில் நின்று ஜிப்பை மூடினாள்.

பிறகு சாதாரணக் குரலில் சொன்னாள்.

"சரி, திரும்புவோம். ஆனா எறங்கும்போது நீங்கதான் முன்னால போகணும்."

"ஏன்?"

"வழுக்குனா எம்மேல விழுவீங்க. ஒங்க எடைய என்னால தாங்க முடியாது. முன்னால போங்க. வந்த வழிதான், மூங்கில் காடு வரைக்கும் நேரா எறங்குங்க. நானும் அவரும் பின்னால வாரோம்."

வந்த வழி. நேராக. முன்னால், நான்.

வந்த வழியில் என்ன நிற்கிறது என்று எனக்குத்தான் தெரியும். இருபதடி தள்ளி, சோலைக்காட்டின் ஓரத்தில், பொறுமையாக, நான் எப்போது திரும்புவேன் என்று உட்கார்ந்திருக்கிறது. ஒரு பக்கம் பள்ளம். ஒரு பக்கம் முகத்தைப் பிடிக்கிற கரடி. பள்ளத்தைப் பார்த்தேன். பள்ளம் குறைந்தபட்சம் இருந்த இடத்திலேயே இருந்தது, பின்னால் வரவில்லை.

பாறைச் சுவரில் வயிற்றை ஒட்டிக்கொண்டு, நண்டு போலப் பக்கவாட்டில் நகர்ந்தேன். பால்கோவா நிறைந்த வயிறு அதற்கு ஒத்துழைக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டு எனக்குத் தெரிந்த எல்லாச் சாமிகளையும் கூப்பிட்டேன். தீர்ந்துபோனதும் என் பழைய வாடிக்கையாளர்களைக் கூப்பிட்டேன். பாதியில் மறுபடியும் பின்னாலிருந்து ஒரு வெட்டு, பையைப் பிடித்து யாரோ மெல்ல இழுத்தது போல. கடைசி இருபதடியை நான் எப்படிக் கடந்தேன் என்று எனக்கு ஞாபகம் இல்லை. காவலரின் சட்டையைப் பிடித்துக்கொண்டு நின்றது மட்டும் ஞாபகம் இருக்கிறது.

"பாத்தீங்களா, அம்புட்டுதான்" என்றார் அவர், சட்டையை விடுவித்துக்கொண்டு.

மேலே புல்வெளி. இடுப்பளவு புல், காற்றில் ஒரே திசையில் படுத்துப் படுத்து எழுந்தது. ஒரு மரம் கிடையாது, ஒளிய ஒரு புதர் கிடையாது. ஆனாலும் பின்னால் புல்லுக்குள் ஸ்ஸ்ஸ் என்று ஒரு சத்தம் வந்துகொண்டே இருந்தது. இந்த வெட்டவெளியில் ஒரு கரடி எப்படி மறைந்து வரும் என்று மனதின் ஓர் ஓரத்தில் கேள்வி எழத்தான் செய்தது. தவழ்ந்து வருகிறது என்று அதற்குப் பதில் சொல்லி உட்கார வைத்தேன். என் நடை அப்போது நடை இல்லை. காவலரையே முந்திவிட்டேன்.

"நாலு மணிக்கு எல்லா உச்சியிலயும் ஒண்ணா எண்ண ஆரம்பிக்கணும். மேகம் ஏறுறதுக்குள்ள போயிரணும்னு நெனச்சேன்" என்று அவர் மூச்சு வாங்கியபடியே சொன்னார். "இப்ப நாப்பது நிமிசம் முன்னால வந்துட்டோம். அண்ணாச்சிக்குப் பொறவு நான் வழிகாட்டியா இருந்து என்ன பிரயோசனம்?"

மணி மூன்று இருபது. உச்சிக்கு இன்னும் ஐம்பதடி.

"இங்கயே பைய வச்சிருவோம்" என்றாள் மனைவி. அவளே வந்து என் பையைக் கழற்றி, ஒரு பாறை மறைவில் வைத்தாள். "இனிமே சத்தம் போடக் கூடாது. தவழ்ந்து போகணும்."

கடைசி ஐம்பதடி மூன்று பேரும் வயிற்றால் ஊர்ந்தோம். சத்தம் வரவில்லை. உச்சியின் காற்றுக்குக் கரடி பயந்துவிட்டது என்று முடிவு செய்தேன்.

உச்சியின் மறுபக்கம் மலை சட்டென்று அறுந்து விழுந்தது. எட்டிப் பார்த்ததும் நான் தலையை உள்ளே இழுத்துக்கொண்டேன். மனைவி இழுத்துக்கொள்ளவில்லை. நாலு மணி வரை அப்படியே கிடந்தாள். கிழக்கே வெகு தூரத்தில், வெயில் புகைக்குள், ஸ்ரீவில்லிபுத்தூர் கோபுரம் நகத்தளவு தெரிந்தது. அதற்குத் தெற்கே எங்கள் ஊரின் மில்களும் தென்னந்தோப்புகளும். என் மொட்டைமாடியைத் தேடினேன், கிடைக்கவில்லை.

நாலு அடித்து ஐந்து நிமிஷம் இருக்கும். அவள் என் மணிக்கட்டைப் பிடித்தாள்.

கீழே பாறை இடுக்கிலிருந்து ஒன்று வெளியே வந்தது. நான் எதிர்பார்த்ததைவிடப் பெரியது, பழுப்பு நிறம், பின்னோக்கி வளைந்த கொம்பு. முதுகில் சேணம் போட்டது போல வெளுப்பு. கிழட்டு ஆண். அதன் பின்னால் இன்னொன்று. அப்புறம் வரிசையாக. குட்டிகள் செங்குத்தான பாறையில் ஏதோ பள்ளிக்கூடம் விட்டது போலக் குதித்து விளையாடின. நான் வயிற்றால் நகர்ந்த மாதிரிப் பாறைகள் அவற்றுக்கு விளையாட்டு மைதானம்.

என் மனைவி எண்ணினாள். உதடு மட்டும் அசைந்தது. மறுபடி எண்ணினாள். காவலர் விரலைக் காட்டினார், அவள் தலையசைத்தாள். நான்காக மடித்த தாளைப் பிரித்துப் பாறையில் வைத்து எழுதும்போது பென்சில் முனை இரண்டு தடவை தாளைக் கிழித்தது. கண்ணைத் துடைக்கவில்லை, காற்றிலேயே காயவிட்டாள். நாலரைக்கு மேகம் ஏறி எல்லாவற்றையும் மூடிவிட்டது.

இரவு தங்க வேண்டிய கல் கொட்டகை சரிவில் கொஞ்சம் கீழே இருந்தது. கிளம்பலாம் என்று எழுந்தோம். காவலர் என் பையை எடுத்துவர முன்னால் போனார். திரும்பி வரும்போது ஒரு கையில் பை இருந்தது. இன்னொரு கையில் எதையோ கல்யாண வீட்டில் மணப்பெண்ணின் முந்தானையைத் தூக்கி வருவது போல ஏந்தி வந்தார்.

"அண்ணாச்சி, ஒங்க வாலு."

நான் பார்த்தேன். பார்த்துக்கொண்டே இருந்தேன். பிறகு என் மனைவியைப் பார்த்தேன்.

"எப்பத் தெரியும்?"

"மூங்கில் காட்டுல. நீங்க பின்னால ஏதோ வருதுன்னு சொன்னீங்கள்ல, அப்பத்தான் குனிஞ்சு பாத்தேன்."

"சொல்ல வேண்டியதுதான?"

"சொல்லணும்னுதான் வாயத் தொறந்தேன். அதுக்குள்ள நீங்க வெரசா நடக்க ஆரம்பிச்சிட்டீங்க." அவள் தாளை மார்போடு வைத்துக்கொண்டிருந்தாள். "இப்படி நடந்து நான் பாத்ததே இல்லியே."

"பைய இழுத்தது?"

"மொத தடவ தெரியாம மிதிச்சிட்டேன்."

"ரெண்டாந்தடவ?"

அவள் கோபுரம் இருந்த திசையைப் பார்த்தாள். அங்கே மேகம்தான் இருந்தது. காவலருக்கு மறுபடியும் இருமல் வந்தது.

கரடி எதுவும் வரவில்லை. ஏழு அட்டைகளின் ரத்தக்கறையோடு நான் வலைப்பையில் திணித்த பேண்டேஜில் ஒரு முனை வெளியே விழுந்து, இரண்டு ஆள் உயரத்துக்குப் பின்னால் தொங்கி, நுனியில் சிக்கிய ஒரு காய்ந்த மூங்கில் குச்சியை உச்சிவரை இழுத்து வந்திருந்தது. அந்த உச்சியில் வரையாடுகள் பதினொன்று. அதில் குட்டி மூன்று.